உப்புக் குறைந்ததா, நீர் மிகுந்ததா?



சென்ற திங்கள் இப்பகுதியில் இரத்தக் கொதிப்பைப் பற்றி எழுதியபோது, உணவில் உப்பைக் குறைத்துக்கொள்ளுமாறு வற்புறுத்தியிருந்தோம். அதைப் படிப்போர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. “உப்பைக் குறை என்கிறீர்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பெரியவருக்கு இரத்தத்தில் உப்புக் குறைந்துவிட்டது என்று சொல்லி மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்களே! இவ்விரண்டில் எது சரி?” என்பதே அக்கேள்வி. இரண்டும் சரியே. எவ்வாறு என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

தண்டையார்பேட்டை வாழ் மக்களுக்கு உப்பு புதிதன்று. வடக்கே எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதிகளில் உப்பளங்கள் பரந்து கிடந்த காட்சி முதியோர் பலர் நினைவில் இருக்கும். அங்கு விளைந்த உப்பு தோணிகளில் ஏறிக் கால்வாய் வழியே நகருக்குள் வந்தது. சென்ட்ரல் நிலையத்தை அடுத்த ‘சால்ட் கோட்டர்ஸ்’ என்னும் இடப்பெயரே பழைய உப்புக் கிடங்குகளை நினைவூட்டுவதுதான். இப்படி உப்போடு உறவாடிய மண்ணில் வாழ்வோருக்கு உப்புப் பஞ்சம் வருவதாவது என்று வியக்கத் தோன்றும். உண்மை என்னவெனில், இந்நோய் காணும் பலருடைய உடலில் உப்பு குறைந்திருப்பதே இல்லை, நீர்தான் மிகுந்திருக்கிறது.

ஒரு பானை ரசம் சப்பென்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உப்புப் போட மறந்திருக்கலாம்; அல்லது போட்ட உப்பு சரியாக இருக்க, யாரோ ஒரு செம்பு நீரை மிகுதியாக ஊற்றியிருக்கலாம். சுவைத்துப் பார்க்கும் நாக்குக்கு இரண்டும் ஒன்றே. ஆய்வுக்கூடத்துச் சீட்டும் அந்த நாக்கைப் போன்றதுதான். ‘சோடியம் 118’ என்று அது எழுதித் தரும்; எந்தக் காரணத்தால் என்று எழுதித் தராது. அதைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. அதற்கு உதவுவது வீட்டாரின் கடமை.

இரத்தத்தில் உப்பின் அளவு

சமையல் உப்பில் உள்ள முக்கியப் பொருள்களுள் ஒன்று சோடியம். இரத்தத்தின் நீர்ப்பகுதியில் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சோடியம் இருப்பது இயல்பு. சில சீட்டுகளில் மில்லி ஈக்விவலன்ட் என்று குறித்திருப்பார்கள், எண் மாறாது. வீட்டு அளவில் சொன்னால், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 கிராம் உப்பைக் கரைத்ததற்கு இது சமம். காசிமேட்டுக் கரையில் மோதும் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு என்பதை ஒப்பிட்டுக் கொள்ளுங்கள்.

இந்த அளவைக் காப்பவை மூளையும் சிறுநீரகமும் ஆகும். நீர் குறைந்தால் மூளை நமக்குத் தாகத்தை எழுப்புகிறது. அதனோடு வாசோபிரெசின் என்னும் சுரப்பு நீரையும் இரத்தத்தில் கலக்கச் செய்கிறது. “நீரை வெளியே விடாதே” என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடுவது இச்சுரப்பு நீரே. நீர் மிகுந்தால் அக்கட்டளை நின்றுவிடும். மிகுதி நீர் சிறுநீராக வெளியேறிவிடும். நல்ல சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 10 லிட்டருக்கு மேலும் வெளியேற்ற வல்லவை. ஆகவே நீர் குடிப்பதனால் மட்டும் எளிதில் தீங்கு நேர்வதில்லை. நிற்க வேண்டிய கட்டளை நிற்காதபோதுதான் தொல்லை தொடங்குகிறது.

சோடியம் 135-க்குக் கீழே இறங்கினால் அதைச் சோடியம் குறைவு என்கிறோம். 125-க்குக் கீழே இறங்கினால் அது கடுமையானது. இரத்தம் நீர்த்துப்போகும்போது நீர் உயிரணுக்களுக்குள் புகுகிறது, அவை வீங்குகின்றன. கால் வீங்கினால் தோல் இடம் கொடுக்கும். மூளை வீங்கினால் மண்டையோடு இடம் கொடுக்குமா? ஆகவே இந்நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் மூளையின் அறிகுறிகளாகவே உள்ளன. குமட்டல், தலைவலி, சோர்வு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம், ஓயாத உறக்கம் என்று வளர்ந்து, இறுதியில் வலிப்பும் நினைவிழப்பும் வரலாம்.

“வயதாகிவிட்டது” என்னும் சொல்

இத்தகைய ஓர் இல்லத்தை எண்ணிப் பாருங்கள். எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்கிறார். பல் இல்லாமையால் காலையில் தேநீரும் பன்னும், மதியம் சிறிது கஞ்சி, இரவில் மீண்டும் தேநீர் என்பதே உணவு. மூன்று வாரங்களுக்கு முன் மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். வெயில் கடுமையாதலால், “நிறையத் தண்ணீர் குடியுங்கள் ஆயா” என்று பேரப்பிள்ளைகள் செம்பு செம்பாக நீட்டுகிறார்கள். ஒரு வாரமாக அவர் தள்ளாடி நடக்கிறார். மகளைத் தங்கை பெயரால் அழைக்கிறார். குளியலறையில் வழுக்கி விழுந்தும் விட்டார். “ஆயாவுக்கு வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது” என்று அனைவரும் தேற்றிக்கொள்கிறார்கள்.

முதுமை மறதி ஒரு வாரத்தில் வருவதில்லை. அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. சென்ற ஞாயிறு தெளிவாகப் பேசிய ஒருவர் இந்த ஞாயிறு குழம்பிப் பேசுகிறார் என்றால், அது முதுமை அன்று; நோய். நோய்த்தொற்று, சர்க்கரைக் குறைவு, தலையில் அடி, பக்கவாதம் ஆகியவற்றோடு சோடியம் குறைவையும் அங்கே ஐயுற வேண்டும். ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை உண்மையைக் காட்டிவிடும். ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி நாம் கைவிட்ட ஒருவர், சில நாள் மருத்துவத்துக்குப்பின் எழுந்து அமர்ந்து, பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடும். ஆதலின் அச்சொல்லை அவசரப்பட்டுச் சொல்லாதிருப்போமாக.

மேற்சொன்ன மூதாட்டிக்கு வந்தது எதனால்? இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் ‘தயசைடு’ வகை மாத்திரைகள் சிறுநீரில் உப்பை வெளியேற்றும். நீரை வெளியேற்றும் திறனையும் குறைக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன், அவற்றை ஒத்த இண்டபமைடு ஆகியவை பலருக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகளே. ஆயினும் மெலிந்த உடலுடைய முதிய பெண்டிருக்கு அவற்றால் சோடியம் இறங்கும் வாய்ப்பு மிகுதி. பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களிலேயே இறங்கும். மேலும், நீரைச் சிறுநீராக வெளியேற்ற உணவிலிருந்து வரும் உப்பும் புரதக் கழிவும் துணை நிற்க வேண்டும். தேநீரும் பன்னுமாகக் காலம் கழிப்போர் உடலில் அத்துணை இல்லை. மாத்திரை, அரைகுறை உணவு, மிகுந்த நீர் ஆகிய மூன்றும் ஒன்றாய்ச் சேர்ந்தமையால் விளைந்த தீங்கு அது.

மருத்துவர் ஆராயும் முறை

முதலாவதாக, குறைவு மெய்யானதா என்று பார்ப்பார். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் ஏறியிருந்தால், அது உயிரணுக்களிலிருந்து நீரை இரத்தத்துக்குள் இழுத்துவிடும். சோடியம் இறங்கியதுபோல் தோன்றும். சர்க்கரையைச் சீராக்கினால் சோடியமும் ஏறும். குளுக்கோஸ் நீர் ஏற்றப்படும் கையிலிருந்தே இரத்தம் எடுத்திருந்தாலும் அளவு தவறாகும்.

இரண்டாவதாக, நோயாளியின் உடலை நோக்குவார். வறண்டிருக்கிறாரா, வீங்கியிருக்கிறாரா, இரண்டும் இன்றி இயல்பாக இருக்கிறாரா என்பதே கேள்வி.

வறண்டவர் உப்பையும் நீரையும் ஒருங்கே இழந்தவர். இங்கே உப்புக் குறைவு மெய்யே. நம் பகுதியில் வயிற்றுப்போக்கின் கொடுமையை விளக்கத் தேவையில்லை. தண்டையார்பேட்டையில் மாநகராட்சி நடத்தும் தொற்றுநோய் மருத்துவமனையை ‘காலரா ஆஸ்பத்திரி’ என்றே அறிந்தவர்கள் உண்டு. ஓ-139 என்னும் புதுவகைக் காலராக் கிருமி 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்னை உட்படத் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டு, பின் வங்கம் வரை பரவியது. பேதியில் வெளியேறுவது வெறும் நீர் அன்று. உப்பும் சேர்ந்த நீர். அதற்கு ஈடாக வெறும் நீரை மட்டும் புகட்டினால் இரத்தம் மேலும் நீர்த்துப்போகும்.

1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்றும் நீர் போதாமல் போயிற்று. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். இறப்பு விகிதம் 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. சர்க்கரை குடலில் உப்பை உடன் அழைத்துச் செல்கிறது. உப்பு நீரை அழைத்துச் செல்கிறது. அதுவே அம்முறையின் அடிப்படை. இன்று கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு உரிய 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் வேறு இரு உப்புகளும் உள்ளன. ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரிலேயே கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் சிறிது தூளைக் கொட்டிக் கலக்குவது பிழை. பொட்டலம் கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் நீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலக்கலாம்.

வீங்கியவர் நிலை வேறு. இதயம் தளர்ந்தவர், ஈரல் சுருங்கியவர், சிறுநீரகம் பழுதுபட்டவர் ஆகியோருக்குக் கால் வீங்கும், வயிறு உப்பும். அவர்கள் உடலில் உப்பு மிகுதியாகவே இருக்கிறது. நீர் அதனினும் மிகுதியாக இருக்கிறது. சீட்டில் சோடியம் குறைவு என்று கண்டு, “அப்பாவுக்கு உப்புக் குறைந்துவிட்டது” என்று ஊறுகாயும் கருவாடும் பரிமாறினால் வீக்கம் ஏறும், மூச்சு முட்டும். அன்பினால் செய்யும் தீங்கு அது. அவர்களுக்கு வேண்டுவது நீரை அளந்து குடிப்பதே.

வறட்சியும் வீக்கமும் இல்லாதவரை ஆராய்வதே கடினம். இங்கே நீரை வெளியே விடாதே என்னும் கட்டளை காரணமின்றித் தொடர்கிறது. இதனை அமெரிக்க மருத்துவர்களான ஷ்வார்ட்ஸும் பார்ட்டரும் அவர்தம் குழுவினரும் நுரையீரல் புற்றுநோயாளர் இருவரிடம் கண்டு 1957இல் விளக்கினர். நிமோனியா, காசநோய், மூளைக்காய்ச்சல், தலைக்காயம் ஆகியவற்றிலும் இது வரும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபின், மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகள் ஆகியவையும் இதனை உண்டாக்கலாம். சோடியம் குறைந்த முதியவருக்கு மார்பு எக்ஸ்ரே எதற்கு என்று வீட்டார் வியப்பதுண்டு. மறைந்திருக்கும் காசநோயையோ புற்றுநோயையோ தேடுவதற்கே அது.

இவர்களிடையே சுரப்பிகள் பழுதானவர்களும் இருப்பர். சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பி அழிந்தால் சோடியம் இறங்கும், தோல் கறுக்கும், எடை குறையும். ஆங்கில மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் இதனை விவரித்தார். காசநோய் அச்சுரப்பியை அழிப்பதும் உண்டு. இன்னொன்று தாய்மாரைச் சார்ந்தது. பேறுகாலத்தில் பெருமளவு குருதி இழந்த பெண்ணுக்கு மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி சேதமடையக்கூடும். அப்போது தாய்ப்பால் சுரப்பதில்லை, மாதவிலக்கு மீள்வதில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு காய்ச்சலின்போது சோடியம் இறங்கி மயங்கி விழுவார். “கடைசிப் பிள்ளைக்குப் பால் கொடுத்தீர்களா அம்மா?” என்று மருத்துவர் ஐம்பது வயது மாதரைக் கேட்டால், அதைப் பொருந்தாக் கேள்வி என்று எண்ணாதீர்கள். விடை அதிலேயே இருக்கலாம்.

மூன்றாவதாக, சிறுநீரைச் சோதிப்பார். சிறுநீர் மிகவும் நீர்த்திருந்தால் சிறுநீரகம் தன் கடமையைச் செய்கிறது. குடித்த நீரே மிகுதி, அல்லது உணவு மிகக் குறைவு. சிறுநீர் அடர்ந்திருந்தால் நிற்க வேண்டிய கட்டளை நிற்கவில்லை. அவ்வாறு அடர்ந்த சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 30 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால், உடல் உப்பைச் சேமிக்கப் போராடுகிறது என்று பொருள். பேதி கண்டவரிடமும் இதயம் தளர்ந்தவரிடமும் இதைக் காணலாம். அதற்கு மேல் இருந்தால் முற்கூறிய சுரப்புக் கோளாறுகளையும் மருந்துகளையும் நோக்க வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவரிடம் இக்கணக்கு மாறும். எனவே உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மறைக்காமல் சொல்வது இன்றியமையாதது.

விரைவு ஏன் கூடாது?

“இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினால் சரியாகிவிடாதா, ஏன் இத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்போர் உளர். வறண்டவருக்குச் சலைன் நல்ல மருந்து. கட்டளை நிற்காதவருக்கோ, சலைனில் உள்ள உப்பு சிறுநீரில் வெளியேற, நீர் உள்ளேயே தங்கி, சோடியம் மேலும் இறங்கக்கூடும். வலிப்போ நினைவிழப்போ கண்டவருக்கு 3 சதவிகித உப்பு நீரைச் சிறிதளவு, கண்காணிப்போடு, உடனே ஏற்றுவார்கள். அது உயிர் காக்கும் மருத்துவம். ஆனால் அதன்பின் நிதானம் வேண்டும்.

சோடியம் இரண்டு நாள்களுக்கு மேல் குறைந்திருந்தால், மூளையின் அணுக்கள் தம்முள் இருந்த சில பொருள்களை வெளியேற்றி, வீக்கத்தைத் தணித்துப் பழகிக்கொள்கின்றன. அந்நிலையில் சோடியத்தைத் திடீரென உயர்த்தினால் அணுக்களிலிருந்து நீர் வெளியே இழுக்கப்பட்டு, நரம்பிழைகளின் உறை சிதைகிறது. 1959இல் ஆடம்ஸ் என்பாரும் பிறரும் முதலில் விவரித்த இந்தச் சேதம் சில நாள் கழித்தே வெளிப்படும். தெளிந்துவிட்டார் என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும்போது பேச்சு குழறும், விழுங்க இயலாது, கை கால்கள் செயலிழக்கும். ஆகவேதான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயர்த்தலாகாது என்பதை மருத்துவர்கள் வரம்பாகக் கொண்டு, சில மணிக்கொருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கின்றனர். “இன்னும் எத்தனை முறைதான் குத்துவீர்கள்?” என்று செவிலியரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

நலமுள்ளோருக்கும் ஒரு சொல்

ஆகஸ்டு இறுதியில் கொடியேறிச் செப்டம்பர் 8ஆம் நாள் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து கால்நடையாகச் செல்வோர் பலர். முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நடை. வழியெங்கும் நல்லோர் தண்ணீர் வழங்குகின்றனர். நெடுநேர உடலுழைப்பின்போது, நீரைத் தேக்கும் சுரப்பு இயல்பாகவே மிகும். 2002இல் பாஸ்டன் நகர நெடுந்தூர ஓட்டத்தில் கலந்துகொண்டோரில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவிகிதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தவர்களே, அதாவது வியர்த்ததைவிட மிகுதியாகக் குடித்தவர்களே, பெரிதும் பாதிக்கப்பட்டிருந்தனர். நடப்பவர் தாகம் எடுக்கும்போது, தாகம் தீரும் அளவு குடிப்பது போதும். வேளாவேளைக்கு உப்பிட்ட கஞ்சியோ மோரோ உணவோ உண்ண வேண்டும். தலைவலி, வாந்தி, குழப்பம் கண்டால் மேலும் நீரைப் புகட்டாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். துறைமுகத்திலும் உலைக்களத்திலும் வியர்வை சிந்தி உழைப்போருக்கும் இது பொருந்தும்.

ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பாலே போதும். சர்க்கரைத் தண்ணீரும், மிச்சம் பிடிப்பதற்காக நீர்க்கக் கரைத்த பால்மாவும் பிஞ்சுக் குழந்தைக்கு வலிப்பைக் கொண்டுவரக்கூடும்.

இனி, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். இரத்தக் கொதிப்புக்காக உணவில் உப்பைக் குறைப்பதனால் மட்டும், மற்றபடி நன்றாக உண்ணும் ஒருவருக்குச் சோடியம் குறைவு வருவதில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட்ட உப்பே போதுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அறிவுரையை மாற்ற வேண்டியதில்லை. அதோடு மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தயசைடு மாத்திரை தொடங்கிய முதியவருக்கு, சில வாரங்களில் சோடியம் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பேதியோ வாந்தியோ கண்டால் அம்மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றே கேளுங்கள். ஆயினும் எந்த மருந்தையும், சிறப்பாக வலிப்பு மருந்தை, நீங்களாகவே நிறுத்தாதீர்கள்.

வீட்டு முதியோர் என்ன உண்கிறார்கள் என்று தட்டைப் பாருங்கள். குழைந்த சோறு, பருப்பு, முட்டை, மீன், மோர் என மென்மையாகச் சமைத்து, அருகில் அமர்ந்து உண்ணச் செய்யுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்லும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். “என்றுவரை தெளிவாகப் பேசினார், என்று முதல் மாறினார்?” என்பதே மருத்துவர் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கும். அந்த நாளைச் சொல்ல எந்தக் கருவியாலும் இயலாது. அவரோடு நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தவரால்தான் இயலும்.